எல்எஸ்6 செவெல் கன்வர்டிபிள் எத்தனை வந்தது?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. 1970 செவர்லே செவெல் எஸ்எஸ் காரில் வந்த 454 கன அங்குல எல்எஸ்6 என்ஜின் பற்றித் தகவல் திரட்டுகிறேன். 450 குதிரைத்திறன், செவெலில் அந்த ஒரு வருடம்தான் கிடைத்தது. மொத்தம் 4,475 என்கிறார்கள். அதில் கன்வர்டிபிள் (கூரையைத் திறந்து மூடும் வண்டி) எத்தனை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு.

வண்டியின் விஐஎன் எண் (வண்டி அடையாள எண்) வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின், என்பதோடு நின்றுவிடுகிறது; எல்எஸ்6 தானா என்று சொல்லாது. என்ஜின் பிளாக்கில் சிஆர்வி என்று பொறித்திருந்தால் எல்எஸ்6 கியர் வண்டி, சிஆர்ஆர் என்றால் எல்எஸ்6 ஆட்டோமேட்டிக். ஆனால் அதைத் தேய்த்துவிட்டுப் புதிதாகப் பொறிக்கிற கைகாரர்களும் உண்டே! அதனால் பெட்ரோல் டேங்க் மேலே ஒட்டிக்கிடக்கும் பில்ட் ஷீட்டைத்தான் (வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் அச்சிட்ட தாள்) நம்புகிறேன்.

எலி கடித்திருந்தாலும் சரி, துருக்கறை படிந்திருந்தாலும் சரி, அந்தத் தாளின் படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள்.