டிரவுட் மீனுக்கு இரண்டு வேளைத் தீனி போதுமா, நான்கு வேளை வேண்டுமா?

வணக்கம். இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கில் ஒரு வானவில் டிரவுட் பண்ணையில் வேலை பார்க்கிறேன். ஆற்றுநீர் ஓடும் சிமென்ட் தொட்டிகள். தண்ணீர் இப்போது 12 டிகிரி. 100 கிராம் மீன்களுக்கு உடல் எடையில் சுமார் 1.5 சதவீதத் தீனியைக் காலை, மாலை பிரித்துப் போடுகிறோம்.

கையை ஓங்கியதுமே பெரிய மீன்கள் பாய்ந்து வந்து முழுவதையும் விழுங்கிவிடுகின்றன. சின்னவை முதுகுத் துடுப்பு கடிபட்டு ஓரத்திலேயே நிற்கின்றன. பார்க்க மனசு கேட்கவில்லை.

அதே அளவை நான்கு வேளையாக்கினால் சின்னவையும் தேறுமா? முதலில் அளவுவாரியாகப் பிரித்துவிடுவதே சரி என்று எனக்குப் படுகிறது. அப்புறம், தொட்டியின் நீளம் முழுக்கத் தூவிப் பார்த்தவர்கள் உண்டா? கோடையில் தண்ணீர் சூடேறி ஆக்ஸிஜன் குறையும்போது மதிய வேளையை நிறுத்திவிடுவீர்களா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.