பழைய பேப்பர்க்காரரிடம் போட்டதில் இன்னும் மனத்தை விட்டுப் போகாதது எது?

கும்பகோணம் டீச்சர்

எங்கள் வீட்டில் இரண்டு நாளிதழ்கள் வாங்குகிறோம். எட்டு மாதத்துக் கட்டு பரணில் சேர்ந்திருந்தது. போகிக்கு முன் காலி செய்துவிட வேண்டும் என்று, தெருவில் மூன்று சக்கர வண்டியோடு வந்தவரைக் கூப்பிட்டேன். உடல் எடை பார்க்கும் கருவியில் கட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, 38 கிலோ என்று முன்னதாகவே குறித்து வைத்திருந்தேன்.

அவர் கைத்தராசைத் தூக்கினார். ஐந்து கிலோ கல்லுக்கு ஒரு முறை நிறுத்து, அந்தப் பேப்பரையே கல்லோடு சேர்த்து வைத்துப் பத்து கிலோவாக நிறுக்கும் முறை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் நிறுவையில் ஒரு பிடி தவறினால் அடுத்ததில் அது இரண்டு பிடியாகும் என்பதும் தெரிந்ததுதான். என் மனத்தில் நிற்பது அவருடைய முழங்கால். லேசாகக் குனிந்து தராசைத் தூக்கியவர், பேப்பர்த் தட்டின் அடியில் முழங்காலைக் கொடுத்திருந்தார். நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். காலை எடுக்கவில்லை. "29 கிலோ" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே இருபது ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் காப்பியடித்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான். அன்று ஏன் வாய் திறக்கவில்லை, அந்த இருபது ரூபாயை ஏன் வாங்கிக்கொண்டேன் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

திண்டுக்கல் கடைக்காரர் மகன்

டீச்சர் சொன்ன முழங்காலை நான் மறுக்கவில்லை. ஆனால் என் அப்பா இருபது ஆண்டுகள் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு முறை, காரில் வந்து இறங்கிய ஒருவர் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பேப்பர்க் கட்டுகளைப் போட்டுவிட்டுப் போனார். தெரிந்த மனிதர் என்பதால் அப்பா பிரித்துப் பார்க்காமல் நிறுத்துப் பணம் கொடுத்துவிட்டார். மாலையில் நான்தான் கட்டைப் பிரித்தேன். நடுவில், பேப்பரால் பக்குவமாகச் சுற்றி, உடைந்த அம்மிக் குழவியின் பாதி இருந்தது. அப்பா அதைத் துடைத்துக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த முறை அந்த மனிதர் வந்தபோது அதைப் பார்த்தார்; விலை மட்டும் கேட்டார்; அப்பாவும் விலை மட்டும் சொன்னார். கடையை மூடும் வரை அந்தக் குழவி அங்கேயே இருந்தது.

வண்டிக்காரர் உங்களிடம் வாங்கும் விலைக்கும் கடையில் போடும் விலைக்கும் நடுவே கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான் நிற்கும். கடைக்காரர் லாரி லோடாகக் குடோனுக்கு அனுப்பினால், அங்கே ஈரத்துக்கு என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். மழைக்காலத்தில் மாடியில் நனைந்த பேப்பரைக் காயவைக்காமல் போடுகிற வீடுகள் எத்தனை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மதுரை, மூன்றாவது மாடி

இது சிறிய விஷயம்தான். நான் பால் கவர்களைக் கழுவிக் காயவைத்துச் சேர்ப்பவள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பால் கவருக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். அது சேர்ந்துகொண்டேதான் இருந்தது. அரை லிட்டர் கவர் ஏறக்குறைய 350 சேர்ந்தால்தான் ஒரு கிலோ வரும், அதாவது தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஆறு மாத வேலை.

அந்த ஆறு மாதப் பையைக் கடைக்காரர் திறந்து, ஒரு கவரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு இன்னொன்றை எடுத்தார். எதுவும் பேசாமல் பையை மூடி என் பக்கம் தள்ளினார். புளித்த வாடை எனக்கும் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், என் சமையலறையையே அவர் முகர்ந்து பார்த்துவிட்டதைப் போல இருந்தது. இப்போது கவரை மூன்று பக்கமும் வெட்டி விரித்துக் கழுவுகிறேன். மூலையில் கத்தரிக்கும் சிறு துண்டு தனியே விழாதபடி பாதியில் நிறுத்திவிடுகிறேன். அதே கடைக்காரர் இப்போது வாங்கிக்கொள்கிறார், ஆனால் இன்னும் முகர்ந்து பார்க்கிறார்.

சேலத்து மருமகள்

பழைய பட்டுப் புடவைக்குப் பணம் என்று கூவிக்கொண்டு வந்தவரிடம், மாமியாரின் கல்யாணப் புடவையைக் கொடுத்தேன். உடல் முழுவதும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது, கரை மட்டும்தான் மிச்சம். அவர் கரையைச் சிறிய கல்லில் உரசி, ஒரு இழையைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். "பாருங்கம்மா, உள்ளே சிவப்பு. செம்புதான். போலி ஜரிகை." சிவப்பாகத்தான் இருந்தது. 1,200 ரூபாய் கொடுத்தார். போலி என்றால் எதற்காக இவ்வளவு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார் என்ற கேள்வி, அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு வந்தது.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், திருநெல்வேலி

என் கதை இரண்டு வரிதான். வீட்டில் வயரிங் மாற்றியபோது மிஞ்சிய பழைய வயர்களை மொட்டை மாடியில் எரித்து உறையை நீக்கினேன். கடைக்காரர் கறுத்த செம்பைப் பார்த்து விலையைக் குறைத்தார், பக்கத்து வீட்டார் ஒரு வாரம் பேசவில்லை. நாற்பது ஆண்டுகள் வயரோடு வாழ்ந்தவனுக்கு இது வேண்டியதுதான்.

ஆனால் இங்கே எல்லோரும் செய்யும் தவறுகளைப் பார்த்த பிறகு சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாவது, டீச்சர் அம்மா அவர்களே, உடல் எடைக் கருவியில் ஐந்து கிலோ கட்டைத் தனியாக வைத்தால் அது சரியாகக் காட்டாது. நீங்கள் ஏறி நின்று ஒரு முறையும் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும் பார்த்து, வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டும். எனவே அந்த ஒன்பது கிலோவில் எவ்வளவு முழங்காலுடையது, எவ்வளவு உங்கள் கருவியுடையது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, வணிகத்தில் பயன்படும் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, இரும்புக் கல்லுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை. கல்லின் அடியில் ஈயம் நிரப்பிய குழியில் அந்த முத்திரையைப் பார்க்கலாம். அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. மூன்றாவது, எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டால் மிகக் குறைந்த விலைப் பொருளின் விலைதான் எல்லாவற்றுக்கும் கிடைக்கும்; செம்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர், இரும்பு, தகரம் ஆகியவற்றைத் தனித்தனியாக வையுங்கள். பித்தளைக் குழாய் என்று நினைப்பதில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. வயரின் உறையைக் கத்தியால்தான் சீவ வேண்டும், எரிக்கக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியைத் தெருவில் விற்காமல், புதியது வாங்கும் கடையில் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அதில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. வங்கித் தாள்களையும் ஆதார் நகலையும் கிழிக்காமல் கட்டில் சேர்க்காதீர்கள்.

கடைக்காரர் மகனுக்கு ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் குழவியை வைத்ததற்குக் கும்பகோணத்துப் பேப்பர் ஏன் எடை குறைய வேண்டும்?

குன்னூர்க்காரன்

நீலகிரியில் 2022 முதல் மதுப் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பினால் அதைத் தருகிறார்கள். காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலில் ஏறுகிறது என்ற கவலையில், உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் வந்த ஏற்பாடு. அதன் பிறகு எங்கள் பகுதியில் புட்டி சேகரிக்கும் ஒரு பாட்டி வீடு வீடாக வர ஆரம்பித்தார். என் மனைவி கதவைத் திறந்து, "இந்த வீட்டில் யாரும் குடிப்பதில்லை" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். பாட்டி மிகுந்த மரியாதையோடு, "ஐயா போன வாரம் ரெண்டு குடுத்தாங்களே" என்றார். நான் அப்போது கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். பாட்டிக்கு இருபது ரூபாய் கிடைத்தது. எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது.

திண்டுக்கல் கடைக்காரர் மகன்

மின்வாரிய ஐயாவுக்கு: குறைய வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் தட்டுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்றுதான் சொன்னேன். உங்கள் பட்டியலில் ஒன்று விடுபட்டிருக்கிறது: அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்பையும் நோட்டுப் புத்தகத்தின் கம்பியையும் எடுத்துவிட்டுக் கொடுத்தால், கடையில் தரம் பிரிக்கும் பெண்களின் கை கிழியாது.

காஞ்சிபுரம் தறிவீடு

சேலத்துச் சகோதரிக்கு இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அசல் ஜரிகையின் உள்ளே சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு இழைதான் இருக்கும். அதன் மேல்தான் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவார்கள். உரசிப் பார்த்துச் சிவப்பு நூல் தெரிந்தால் எங்கள் ஊரில் நல்ல ஜரிகை என்போம். செம்பாக இருந்தால் உலோகத்தின் மினுக்கம் தெரியும், நூல் தெரியாது. உங்கள் உள்ளங்கையில் அவர் வைத்தது மினுங்கியதா?

சேலத்து மருமகள்

மினுங்கவில்லை. அந்தப் புடவையோடு சேர்ந்த ரவிக்கை பீரோவில் இருக்கிறது, கையில் அதே கரை. நேற்று இரவு அதிலிருந்து ஒரு இழையை எடுத்துக் கம்பியை நகத்தால் நீக்கினேன். சிவப்பாக ஒரு நூல் வந்தது. அதைத் தீக்குச்சியில் காட்டினேன். முடி கருகும் வாசனை வந்தது. அடுத்த அறையிலிருந்து மாமியார், "என்னம்மா கருகுது?" என்று கேட்டார்கள். அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.