டேப் டான்ஸ்: எடை எந்தக் காலில் இருக்கிறது?

எட்டாம்கணக்கு:
ஷூவின் அடியில் தகடு பொருத்தி, காலால் தரையில் சத்தமெழுப்பி ஆடுவதுதான் டேப் டான்ஸ். அதற்குப் புதிதாக வருகிறவர்கள் ஷஃபிள், ஃபிளாப் என்ற இரண்டு அடிகளையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டிலும் இரண்டு சத்தம்தான். ஷஃபிளில் முன்னே ஒரு உரசல் (பிரஷ்), பின்னே இழுக்கும்போது இன்னொன்று (ஸ்பாங்க்). கால் கீழே இறங்கவே இறங்காது. ஃபிளாப்பில் முன்னே உரசிய கையோடு அதே முன்பாதத்தில் இறங்கி நின்றுவிட வேண்டும். உடல் எடையை அந்தக் காலில் போடாமல் தட்டிவிட்டுக் காலை எடுத்தால் அது ஸ்லாப். ஸ்டேம்ப்பும் ஸ்டோம்ப்பும் இதே கதைதான்: முழுப் பாதத்தையும் அடித்து எடை மாற்றினால் ‘ஸ்டேம்ப்’, மாற்றாவிட்டால் ‘ஸ்டோம்ப்’. தமிழில் பலரும் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் வகுப்பில் பாதி குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

ஷஃபிள் ‘சர்ர்’ என்று ஒரே இழுவையாகக் கேட்டால் கணுக்கால் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். வீச்சையும் குறைக்க வேண்டும். காலைத் தூரமாக வீசினால் திரும்பி வர நேரமாகி, இரண்டாவது சத்தம் தாளத்துக்குப் பிந்தும்.

முன்பாதம்:
நான்கு சத்தம் வரும் கிராம்ப் ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலது முன்பாதம், இடது முன்பாதம், வலது குதிகால், இடது குதிகால். வாயால் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே ஆடினால் தப்பு உடனே காதில் விழும். நான்கு எழுத்துக்கு மூன்று சத்தம்தான் வருகிறதா? குதிகால் இரண்டும் ஒன்றாக விழுகின்றன. முன்பாதத்தில் நிற்கும்போது எடை இரண்டு காலிலும் சமமாக இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். வேகம் கூட்டுவதெல்லாம் பிறகு.

எட்டாம்கணக்கு:
சிங்கிள் டைம் ஸ்டெப் என்ற அடிப்படை அடித்தொடரில் மாட்டிக்கொள்வதும் எடையால்தான். அது 1-இல் தொடங்காது, 8-இல் தொடங்கும்.
8: வலது ஸ்டோம்ப் (எடை கிடையாது)
1: இடது காலில் ஹாப் (அதே காலில் துள்ளல்)
2: வலது ஸ்டெப் (எடை மாற்றி வைக்கும் அடி)
அண்ட் (இரண்டு எண்ணுக்கு நடுவே) 3: இடது ஃபிளாப்
அண்ட்: வலது ஸ்டெப்
4-இல் இடது ஸ்டோம்ப்போடு மறுபக்கம். 8-இல் வலது காலில் எடையைப் போட்டுவிட்டால் 1-இல் ஹாப் எடுக்க இடது கால் கிடைக்காது. அங்கேயே தடுமாறி நிற்பார்கள். 2-இல் வரும் ஸ்டெப்பை ஃபிளாப்பாக மாற்றினால் டபுள், ஷஃபிள் ஸ்டெப்பாக மாற்றினால் டிரிபிள். மற்றதெல்லாம் அப்படியேதான்.

திருகாணி:
ஷூ பற்றி யாரும் சொல்லவில்லையே. அடியில் உள்ள தகடு தளர்ந்து அசைந்தால் ஒவ்வொரு அடிக்கும் கூடவே ஒரு கிலுகிலுப்பு வரும். திருகை முழுசாக இறுக்கினால் சத்தம் மொண்ணையாகிவிடும். ஒரு துளி நெகிழ்வு விட்டுப் பார்த்து, காதுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். திருகின் தலை தகட்டுக்கு வெளியே துருத்தாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையைக் கீறும். உலோகத் தகடு இருந்தால்தான் தெளிவு வரும் என்பதும் இல்லை. 1878-இல் பிறந்த அமெரிக்க டேப் கலைஞர் பில் ‘போஜாங்கிள்ஸ்’ ராபின்சன் மரத்தாலான அடிப்பாகம் வைத்த ஷூவில்தான் ஆடினார். அமெரிக்காவில் அவர் பிறந்த மே 25-ஐத்தான் டேப் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

முன்பாதம்:
வீட்டில் டைல்ஸ் மேல் வேண்டாம். வழுக்கும், டைல்ஸும் விரிசல் விடும். கான்கிரீட் முழங்காலுக்கும் கெண்டைக்கால் முன்னெலும்புக்கும் ஆகாது. 4 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. ப்ளைவுட் ஒன்று வாங்கி, அடியில் ரப்பர் பாய் விரித்தால் பலகை நகராது, கீழ்வீட்டுக்காரரும் கொஞ்சம் பொறுத்துப்போவார்.