காப்பகத்தில் பார்த்ததில் உங்களை இன்றும் உறுத்துவது எது?

குறிஞ்சி:
யூத இனப்படுகொலை ஆய்வில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. நாஜிக்களால் பாதிக்கப்பட்டவர்களின் ஆவணங்களைக் காக்கும், ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகத்தின் உடைமை அட்டைகளை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். புகென்வால்ட் நாஜி வதைமுகாமுக்கு வந்தவரிடம் பறித்தவற்றின் பட்டியல். மேலங்கி 1, கால்சட்டை 1, காலணி 1 இணை. பட்டியல் சரி என்று கைதியே கீழே கையெழுத்திட வேண்டும். திரையில் நான் திறந்த அட்டையில், பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் கோட்டுக்குக் கீழே சரிந்திருந்தன. பிறந்த ஆண்டு 1928. அட்டையின் ஆண்டு 1944. ஆய்வேட்டில் அது ஓர் அடிக்குறிப்பு, அவ்வளவுதான். எனக்கோ அந்தச் சரிவு கண்ணை விட்டுப் போகவில்லை.

வைகறை:
வார்சா. யூதர்களை நாஜிக்கள் அடைத்துவைத்த கெட்டோவில், அங்கிருந்த வாழ்வை ரகசியமாக ஆவணப்படுத்திய ரிங்கெல்ப்ளூம் குழு புதைத்த பால் கேன். ஆவணங்களை மூன்று பகுதிகளாகப் புதைத்தார்கள். 1946-இல் கிடைத்த தகரப் பெட்டிகளில் நீர் புகுந்திருந்தது. 1950-இல் கிடைத்த இரண்டு கேன்களுக்குள் இருந்த தாள்கள் தப்பின. இதெல்லாம் பாடத்தில் படித்ததுதான். கண்ணாடிக்கு அப்பால் துருவேறிய அந்தக் கேனைப் பார்த்து நின்றபோது ஒரு சிறுமி, "மூன்றாவது எங்கே?" என்று கேட்டாள். வழிகாட்டி பதில் சொல்லாமல் சன்னல் வழியே தெருவைப் பார்த்தார். மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

நெடுவழி:
குறிஞ்சி, சரிந்த எழுத்தில் அச்சத்தைப் படிக்காதீர்கள். குளிரில் விரல் விறைத்திருக்கலாம். பின்னால் வரிசை நெருக்கியிருக்கலாம். அந்த அட்டையை நிரப்பியவரே ஒரு கைதி எழுத்தராக இருந்திருக்கலாம். அதை முதலில் விசாரியுங்கள்.

என் கதை சிறியது. யேல் பல்கலைக்கழகத்தின் ஒளிப்பதிவுச் சாட்சியம் ஒன்றில், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த மூதாட்டி, தாய் கடைசியாகச் சொன்னதை மட்டும் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் சொன்னார். எனக்குப் புரியவில்லை. ஆறு முறை திருப்பிப் போட்டேன்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோட்பாட்டு நூல்களுக்கு முன் இத்திஷ் படியுங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தையும் பழகுங்கள். 1941 வரை பள்ளிகளில் அதைக் கற்பித்தார்கள், அதிகாரிகளின் ஓரக்குறிப்புகள் பலவும் அதில்தான் இருக்கின்றன. ஆரோல்சனின் பெயர் அட்டவணை ஒலிப்பை ஒட்டி அடுக்கப்பட்டது. ஒரே பெயரைப் போலிஷ் எழுத்தர் ஒரு விதமாகவும் ஜெர்மன் எழுத்தர் வேறு விதமாகவும் எழுதியிருப்பார். ஓர் எழுத்துக்கூட்டலோடு தேடலை நிறுத்தினால் ஒரு மனிதரையே தவறவிடுவீர்கள்.

குறிஞ்சி:
அச்சம் என்று நான் எங்கே எழுதினேன்? சரிந்திருந்தது என்றுதான் எழுதினேன். எழுத்தரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவே இல்லை. அன்று மாலை நேரமாகிவிட்டதென்று, மறுபக்கத்தின் படத்தைத் திறக்காமலே அடுத்த அட்டைக்குப் போய்விட்டேன். உறுத்துவது அதுதான்.