கோ-டூ மவுண்ட் மேற்கு வானில் சரியாகப் போகிறது, கிழக்கில் மட்டும் 1 டிகிரி தவறுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 150 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி), குவியத்தொலைவு 750 மி.மீ. கேட்ட பொருளுக்குத் தானே திரும்பும் (கோ-டூ) கணினிக் கன்ட்ரோலர் உள்ள ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்ட்டில், அதாவது ஓர் அச்சு வானத் துருவத்தை நோக்கி நிற்கும் தாங்கியில், பொருத்தியிருக்கிறேன். இரண்டு நட்சத்திர அலைன்மென்ட்தான் செய்கிறேன், அதாவது இரண்டு நட்சத்திரங்களைக் காட்டி வானத்தின் நிலையை மவுண்ட்டுக்குச் சொல்லிக்கொடுப்பது. மாலையில் மேற்கே ரோகிணியும் புரோசியானும் நன்றாகத் தெரிவதால் அந்த இரண்டையே எடுக்கிறேன். இரண்டையும் ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) நடுவில் கொண்டுவந்து முடித்ததும் அலைன்மென்ட் வெற்றி என்று திரையில் வந்துவிடுகிறது.

அதன் பிறகு மேற்கு வானில் எதைக் கேட்டாலும் காட்டுகிறது. எம்42 (எம் என்பது மெஸ்ஸியர் பட்டியல் எண்) நட்ட நடுவில் வந்து நிற்கிறது. எம்35 கொஞ்சம் தள்ளி, ஆனால் புலத்துக்குள் (ஐபீஸில் தெரியும் வான வட்டம்). கிழக்கே போனால்தான் வம்பு. எம்65, எம்66 கேட்டால் வெறும் வானம். எம்3யும் அப்படித்தான். ஆர்க்டூரஸுக்குப் போகச் சொன்னால் நட்சத்திரம் ஐபீஸில் இல்லை, ஃபைண்டரில் (குழாய் மேலுள்ள சிறு வழிகாட்டித் தொலைநோக்கி) குறுக்குக்கம்பியை விட்டு விலகி நிற்கிறது. 25 மி.மீ. ஐபீஸில் புலம் ஏறத்தாழ 1.7 டிகிரி. பொருள் விளிம்புக்குச் சற்று வெளியே விழுவதால் பிழை 1 டிகிரி அளவில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபைண்டரும் குழாயும் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன, அதைச் சரிபார்த்துவிட்டேன். மின்கலம் முழு சார்ஜ். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1

முதலில் நேரம், தேதி, இடம். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மவுண்ட் வேறு வானத்தைத்தான் தேடும். பூமி 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சுழல்கிறது. அதனால் கடிகாரம் 4 நிமிடம் பிசகினாலே நீங்கள் சொல்லும் அளவு வந்துவிடும். சில கன்ட்ரோலர்கள் மாதத்தை முதலில் கேட்கும், நாளை அப்புறம் கேட்கும். தீர்க்கரேகையில் கிழக்கு, மேற்கு மாறியிருக்கலாம். கோடைக்கால நேரம் என்று ஒரு கேள்வி வருமே, அதையும் பாருங்கள். இன்னொன்று: வரைபடச் செயலியில் 11.50 டிகிரி என்று இருப்பதை 11 டிகிரி 50 மினிட் என்று பதிந்துவிடுகிறார்கள். அது உண்மையில் 11 டிகிரி 30 மினிட்.

பதில் 2

எனக்குப் போலார் அலைன்மென்ட் மேல்தான், அதாவது மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக வைப்பதன் மேல்தான், சந்தேகம். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து 40 ஆர்க்மினிட்டுக்குக் (60 ஆர்க்மினிட் 1 டிகிரி) கொஞ்சம் குறைவான தூரத்தில் இருக்கிறது. அதையே துருவம் என்று வைத்துக்கொண்டு அச்சைக் குறிவைத்தால் அந்த அளவு பிழை அப்படியே வரும். போலார் ஸ்கோப்பில் (அச்சுக்குள் இருக்கும் சிறு தொலைநோக்கி) துருவத்தைச் சுற்றி வரைந்திருக்கும் சிறு வட்டத்தின் மேல் நட்சத்திரத்தைச் சரியான மணி நிலையில் வைத்தீர்களா?

கேட்டவர்

நேரம் கைபேசியைப் பார்த்து வைத்தது, நொடி சுத்தம். தேதி வரிசை, கிழக்கு தீர்க்கரேகை எல்லாம் சரி. போலார் ஸ்கோப்பிலும் செயலி காட்டும் நிலையில்தான் வைக்கிறேன்.

பதில் 3

மேலே சொன்ன இரண்டும் பொதுவாகப் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இந்தப் பிழையின் தோற்றத்துக்கு அவை பொருந்தவில்லை.

கடிகாரம் தவறாக இருந்தால் முதல் நட்சத்திரத்துக்குப் போகும்போதே மவுண்ட் தவறியிருக்கும். நீங்கள் அதை நடுவில் கொண்டுவந்த உடனே அந்தப் பிழை ஆர்.ஏ. (வானத்தில் கிழக்கு-மேற்கு ஆயத்தொலைவு) கணக்கின் தொடக்கப் புள்ளியில் கரைந்துபோகும். அதற்கப்புறம் மேற்குக்கு ஒரு நியாயம், கிழக்குக்கு ஒரு நியாயம் என்று இருக்காது. போலார் பிழை வேறு மாதிரி. அது வானம் முழுக்க மெல்ல மெல்ல மாறும்: ஓரிடத்தில் பத்து ஆர்க்மினிட், இன்னோரிடத்தில் இருபது. அதில் பெரும்பகுதியை இரண்டு நட்சத்திர அலைன்மென்ட் கணக்கிட்டு ஈடுசெய்துவிடும். உங்களுக்கோ பிழை தலைக்கு மேலே ஒரு கோடு கிழித்த மாதிரி மாறுகிறது. அந்தக் கோடு மெரிடியன், வடக்கிலிருந்து தெற்காக உச்சி வழியே போவது. அங்கே நடப்பது ஒன்றே ஒன்றுதான். குழாய் மவுண்ட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரள்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, கிழக்கில் பொருளை நடுவுக்குக் கொண்டுவர எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள்? ஆர்.ஏ. மட்டுமா, டெக்கும் (வடக்கு-தெற்கு ஆயத்தொலைவு) உண்டா? இரண்டு, புரண்ட பிறகு ஐபீஸ் எந்தப் பக்கம் இருக்கிறது, அதில் எப்படிப் பார்க்கிறீர்கள்?

கேட்டவர்

ஒவ்வொரு முறையும் ஆர்.ஏ. பொத்தான்தான், அதுவும் ஒரே திசையில். டெக் சில நாள் தேவையே இல்லை, சில நாள் நன்றாகவே தேவைப்படுகிறது. அதில் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. ஐபீஸைப் பற்றிக் கேட்டீர்கள். புரண்டதும் அது எட்டாத இடத்துக்குப் போய்விடும். வளையங்களைத் தளர்த்திக் குழாயைச் சுழற்றி, ஐபீஸைப் பக்கவாட்டில் கொண்டுவந்துவிட்டுத்தான் பார்ப்பேன். மவுண்ட்டை அசைப்பதில்லை.

பதில் 3

அப்படியானால் இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

ஒரே திசையில் வரும் ஆர்.ஏ. விலகல் கோன் பிழை. குழாய் பார்க்கும் திசை டெக் அச்சுக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்க வேண்டும். டவ்டெய்ல் பட்டை (குழாயை மவுண்ட்டில் மாட்டும் பட்டை), வளையங்கள், கண்ணாடி எல்லாம் சேர்ந்து அரை டிகிரி சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். குழாய் ஒரு பக்கம் இருக்கும்போது பார்வை அரை டிகிரி கிழக்கே விலகினால், புரண்டபின் அதே அரை டிகிரி மேற்கே விலகும். நீங்கள் எடுத்த ரோகிணி, புரோசியான் இரண்டும் மேற்குப் பக்கம், இரண்டும் வான நடுக்கோட்டுக்கு (டெக் 0) அருகில். ரோகிணியின் டெக் +16.5, புரோசியானுடையது +5. அந்த நிலையில் கோன் பிழை வெறும் ஆர்.ஏ. விலகலைப் போலவே தோன்றும். கன்ட்ரோலரும் அப்படியே எடுத்துக்கொண்டு மேற்கு முழுவதையும் சரிசெய்துவிட்டது. கிழக்கே போனதும் இரு மடங்காகத் திரும்பி வருகிறது. எம்35 கொஞ்சம் தள்ளி விழுவதிலும் இதற்குப் பங்கு இருக்கலாம், அது +24இல் இருக்கிறது. டெக் கூடக் கூட இந்தப் பிழையை ஆர்.ஏ. கணக்கில் மறைப்பது கடினமாகும்.

ஒழுங்கில்லாத டெக் விலகலுக்குக் காரணம் குழாயைச் சுழற்றுவது. நியூட்டோனியனில் ஒளி அச்சும் உலோகக் குழாயின் அச்சும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. அவற்றுக்கு நடுவே 20 ஆர்க்மினிட் சாய்வு இருந்து, நீங்கள் குழாயைக் கால் வட்டம் சுழற்றினால், பார்வை 28 ஆர்க்மினிட் வரை நகரும். ஏறக்குறைய ஒரு முழு நிலவின் அகலம். கன்ட்ரோலருக்கு இது தெரிய வழியே இல்லை. கொலிமேஷன் (கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று நேராக அமைப்பது) சரியில்லாவிட்டால் சாய்வு இன்னும் கூடும்.

ஆகவே முதலில் கொலிமேஷன். அப்புறம், அலைன்மென்ட் தொடங்கும் முன்பே குழாயை இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு ஒத்துவரும் நிலைக்குச் சுழற்றி வளையத்தை இறுக்கிவிடுங்கள். அன்றைய இரவு முழுக்க அதைத் தொடவே கூடாது. கழுத்து வலிக்கும், ஏணியோ முக்காலியோ வைத்துக்கொள்ளுங்கள்.

கோன் பிழையைத் துருவ நட்சத்திரத்தை வைத்தே அளக்கலாம். டெக்கை 90இல் வையுங்கள். ஆர்.ஏ. கிளட்சைத் (அச்சைப் பூட்டும் பிடி) தளர்த்தி, எதிர் எடைத் தண்டு ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் கிடைமட்டமாக நிற்குமாறு சுழற்றுங்கள். இரண்டு நிலையிலும் நட்சத்திரம் புலத்தில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐபீஸும் குழாயோடு சேர்ந்து திரும்புவதால் திசை குழப்பும். புலத்தின் நடுப்புள்ளி வானத்தில் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் பாருங்கள். டெக்கை நுணுக்கமாகத் திருப்பி அந்த நகர்வைக் குறைக்க முடிந்த மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் டெக்கால் குறையாமல் மிஞ்சும் நகர்வில் பாதிதான் கோன் பிழை.

பதில் 4

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஆல்ட்-அசிமுத் மவுண்ட் (மேல்-கீழாகவும் இட-வலமாகவும் திரும்புவது), மெரிடியனில் புரள்வதே இல்லை. தொடங்கும்போது எல்லாம் சரி, ஒரு மணி நேரத்தில் எல்லாத் திசையிலும் தவற ஆரம்பிக்கிறது. இதுவும் கோன் பிழையா?

பதில் 2

அது வேறு விஷயம், நேரம் போகப் போகக் கூடுகிற பிழை. கிளட்ச் நழுவுகிறதா, முக்காலியின் கால் மண்ணில் அமிழ்கிறதா, மவுண்ட் திரும்பும்போது மின்னழுத்தம் சரிகிறதா என்று பாருங்கள். குழாயின் முன்பக்கம் கனமாக இருந்தால் நழுவல் சீக்கிரம் வரும். அலைன்மென்ட் முடிந்தபின் குழாயைக் கையால் தள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், அச்சில் என்கோடர் (அச்சின் நிலையை அளக்கும் கருவி) இல்லாத மவுண்ட்டுக்கு அது தெரியாது. ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். நிற்காமல் ஒரே பக்கம் நகர்ந்தால் விஷயம் டிராக்கிங்கில் இருக்கிறது, அலைன்மென்ட்டில் இல்லை. மீதியைத் தனி இழையில் எழுதுங்கள், இங்கே அவர் பிரச்சினை முடியட்டும்.

கேட்டவர்

கொலிமேஷனைப் பார்த்தேன், இரண்டாம் கண்ணாடி சற்றுச் சாய்ந்திருந்தது, சரிசெய்தாயிற்று. குழாயைச் சுழற்றாமல் வைத்திருந்ததில் டெக் விலகல் அடங்கிவிட்டது, கிழக்கில் இப்போது ஆர்.ஏ. மட்டும்தான். துருவ நட்சத்திரச் சோதனையில் நகர்வு கிட்டத்தட்டப் பாதிப் புலம் வருகிறது. அதாவது 50 ஆர்க்மினிட், அப்படியானால் கோன் பிழை 25. இதைக் கன்ட்ரோலரே சரிசெய்யட்டும் என்று விட்டுவிடலாமா, வளையத்துக்கு அடியில் தகடு வைத்துச் சாய்வை எடுக்க வேண்டுமா சார்?

பதில் 3

25 ஆர்க்மினிட் அதிகம். நான் தகடு வைத்துக் குறைத்துவிட்டு, மீதியைக் கன்ட்ரோலரிடம் விடுவேன். மென்பொருள் ஈடுசெய்வது பொருளுக்குப் போய்ச் சேருவதை மட்டும்தான், குழாயின் சாய்வு அப்படியே இருக்கும்.

இரண்டு வளையங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 200 மி.மீ. இருந்தால், 25 ஆர்க்மினிட்டுக்குத் தேவையான தகட்டின் தடிமன் ஏறக்குறைய 1.5 மி.மீ. முன் வளையத்துக்கு அடியிலா, பின் வளையத்துக்கு அடியிலா என்று யோசித்துத் தலையை உடைக்க வேண்டாம். ஒன்றில் வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நகர்வு இரு மடங்கானால் தகட்டை மற்றதற்கு மாற்றுங்கள். அட்டை, ரப்பர் வேண்டாம், அழுந்தி அளவு மாறும். அலுமினியத் தகடு நல்லது.

அதன் பிறகு மூன்று நட்சத்திர அலைன்மென்ட்டோ, எதிர்ப்பக்கத்தில் ஒரு கேலிப்ரேஷன் (பிழைத்திருத்த) நட்சத்திரமோ உங்கள் கன்ட்ரோலரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு மேற்கில் என்றால் மூன்றாவது கிழக்கில். டெக் +40, +60 மாதிரி உயரமாக இருந்தால் கோன் பிழை பளிச்சென்று பிரிந்து தெரியும். இந்த மாதங்களின் மாலைக்கு சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரங்கள் பொருத்தம். தொடுவானத்தை ஒட்டியவற்றை எடுக்காதீர்கள். வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் 10 டிகிரி உயரத்திலேயே நட்சத்திரம் 5 ஆர்க்மினிட் அளவு மேலே தூக்கித் தெரியும்.

நடுவில் கொண்டுவருவதிலும் ஒரு கணக்கு உண்டு. நட்சத்திரத்தைக் குவியத்திலிருந்து விலக்கிப் பெரிய வட்டமாக்கினால், புலத்தின் விளிம்போடு ஒப்பிட்டு நடுவா இல்லையா என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கடைசி நகர்த்தலை எப்போதும் மேல் பொத்தானிலும் வலப் பொத்தானிலும் முடியுங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு வந்து நிறுத்தாமல், நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். பற்சக்கரங்களின் தளர்ச்சி எல்லா நட்சத்திரத்திலும் ஒரே பக்கம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்காகத்தான். மவுண்ட் தானாகப் போய் நிற்கும்போது எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதே பக்கம் என்பது இன்னும் சரியான விதி, கையேட்டில் பாருங்கள்.

கேட்டவர்

1.5 மி.மீ. தகட்டைப் பின் வளையத்தில் வைத்தேன், நகர்வு நன்றாகக் குறைந்துவிட்டது. மூன்றாவது நட்சத்திரம் சப்தரிஷி மண்டலத்துத் துபே. எம்65, எம்66 இரண்டும் ஒரே புலத்தில் வந்தன, எம்3 நடுவிலிருந்து சற்று ஓரம். கைபேசிச் செயலியை வைத்து மவுண்ட்டை ஓட்டினால் மட்டும் கால் டிகிரிக்கு மேல் ஒரே சீராக விலகுகிறது. கன்ட்ரோலரின் சொந்தப் பட்டியலில் இருந்து போனால் அந்த விலகல் இல்லை. இது என்ன புதுக் கதை?

பதில் 3

செயலி 2000ஆம் ஆண்டுக்கான ஆயத்தொலைவுகளை அனுப்புகிறது, மவுண்ட் இன்றைய தேதிக்கானதை எதிர்பார்க்கிறது. பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் நட்சத்திரங்களின் ஆயத்தொலைவு ஆண்டுக்குச் சுமார் 50 ஆர்க்செகண்ட் நகர்கிறது. 25 ஆண்டில் அது 20 ஆர்க்மினிட்டைத் தாண்டும், நீங்கள் சொல்லும் கால் டிகிரிக் கணக்கு அதுதான். செயலியின் மவுண்ட் அமைப்புகளில் ஜே2000 (2000ஆம் ஆண்டுக்கானது), ஜேநவ் (இன்றைய தேதிக்கானது) என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். ஜேநவ் வையுங்கள்.

தகடு வைத்த திருகுகளை இறுக்கியபின் துருவ நட்சத்திரச் சோதனையை இன்னொரு முறை செய்துவிடுங்கள். இறுக்கும்போது தகடு நழுவுவது உண்டு.