எட்டாம் வகுப்புப் பையனை டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்லலாமா?

வாடிப்பட்டி அம்மா:
வணக்கம். என் மகனுக்கு 13 வயது. அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். போன வாரம் கணக்கு டீச்சர் போர்டில் எழுதும்போது வீடியோ எடுத்து, சினிமாப் பாட்டு சேர்த்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார்கள். போன் கொண்டுவந்தது ஒருவன், பாட்டு சேர்த்தது ஒருவன், எடுத்தது என் மகன். டீச்சரின் வீட்டுக்காரர் போன் வரைக்கும் அது போயிருக்கிறது. டீச்சர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதார்கள் என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

மற்ற இரண்டு பேரிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். இவனை மட்டும் "வீட்டில் இருக்கட்டும், முழு ஆண்டுத் தேர்வுக்கு வந்தால் போதும், எட்டாவது முடிந்ததும் டிசி வாங்கிக்குங்க" என்கிறார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை.

அவன் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நடுராத்திரியில் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். "சும்மா கிடக்கிறதுக்கு என்கூட வரட்டும்" என்கிறார். அதுதான் எனக்குப் பயம். கையில் காசு பார்த்த பையன் திரும்பப் புத்தகத்தைத் தொடுவானா? எங்கள் தெருவிலேயே அப்படிப் போய் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் இப்படிச் செய்யலாமா?

திருமங்கலம் ஓய்வு வாத்தியார்:
அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன். அது சிறுபான்மையினர் நடத்தும் பள்ளியா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அந்தப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் வேறு வழியில் பேச வேண்டும்.

இல்லை என்றால் விஷயம் தெளிவு. அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடிகிற வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்ச்சி நிறுத்தி வைக்கலாம் என்றார்கள். நீக்கக் கூடாது என்பது அப்போதும் மாறவில்லை.

உங்களை ஏன் எட்டாவது முடியட்டும் என்கிறார்கள் என்று இப்போது புரியும். ஒன்பதாவதுக்குப் போய்விட்டால் அந்தப் பிரிவு கைகொடுக்காது. தலைமை ஆசிரியராக இருந்தபோது பக்கத்துப் பள்ளிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். "நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டதாக" ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதற்கப்புறம் பள்ளி நீக்கியதாக எந்தப் பதிவிலும் இருக்காது. ஆகவே எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, அவனை வீட்டில் வைத்திருக்காதீர்கள். வராத நாளெல்லாம் ஆப்சென்ட் என்றுதான் பதிவாகும். அவர்கள் வரவேண்டாம் என்று சொன்னது எங்கேயும் ஏறாது. நாளைக்கு "பையனே வருவதில்லை" என்று அதையே காட்டுவார்கள். தினமும் யூனிஃபார்ம் போட்டு அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள்.

மேலூர் டீச்சர்:
நான் இப்போதும் வேலையில் இருக்கிறேன். சட்டம் பேசுவதற்கு முன்னால் அந்த டீச்சரை நினைத்துப் பாருங்கள். மறுநாள் அதே வகுப்புக்குள் நுழைய வேண்டும், பிள்ளைகள் பக்கம் முதுகைக் காட்டி போர்டில் எழுத வேண்டும். எத்தனை பேர் அதை இறக்கி வைத்திருக்கிறார்களோ தெரியாது. மன்னிப்புக் கடிதத்தோடு இது முடியக் கூடாது, மூன்று பேருக்குமே.

எங்கள் பள்ளியில் இதே மாதிரி ஒன்று நடந்தது. பையன்கள் யார் யாருக்கு அனுப்பினார்களோ அவர்களிடமெல்லாம் அழிக்கச் சொல்லிக் கேட்டார்கள், பெற்றோர் பக்கத்தில் இருந்தார்கள். அப்புறம் டீச்சர் சம்மதித்த பிறகு, வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டார்கள். பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் நடத்துகிற மன்னிப்பு அவருக்கு இன்னொரு அவமானம். அதை மறந்துவிடாதீர்கள் அக்கா.

ஆனால் டிசி கூடாது என்பதில் நானும் உறுதி. அவன் போய்விட்டால் வகுப்பில் மிச்சமிருக்கிற நாற்பது பேர் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

வாடிப்பட்டி அம்மா:
சார், சிறுபான்மைப் பள்ளி இல்லை. மேலூர் டீச்சர் சொன்னதை மகனிடம் படித்துக் காட்டினேன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். முதலில் கணக்கு டீச்சரைத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒருவேளை டிசி கொடுத்தே விட்டால்? திங்கட்கிழமை போகும்போது அவனையும் கூட்டிப் போகவா?

திருமங்கலம் ஓய்வு வாத்தியார்:
கூட்டிப் போங்கள், அப்பாவும் வரட்டும். ஆட்டோவுக்கு ஒரு நாள் லீவு விட்டால் ஒன்றும் ஆகிவிடாது. டீச்சரை முதலில் பார்ப்பதுதான் சரி, ஆனால் அவர் வீட்டுக்குப் போகாதீர்கள், பள்ளியில் அனுமதி கேட்டுப் பாருங்கள். பள்ளியில் பையனை அடித்தாலோ, நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேவலப்படுத்தினாலோ அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. அதையும் பணிவாகச் சொல்லலாம்.

டிசியில் "மாணவரின் ஒழுக்கமும் பண்பும்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதுகிற ஒரு வார்த்தை ஐடிஐ வரைக்கும் பின்னால் வரும். அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

தலைமை ஆசிரியருக்கு ஒரு மனு எழுதுங்கள். மகன் செய்தது தவறு, தண்டனையை ஏற்கிறோம், மூன்று பேருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும், தினமும் வகுப்புக்கு அனுமதியுங்கள். இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, 14417-க்குக் கூப்பிடுங்கள். அது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுத வேண்டியதுதான், வாசகம் நான் சொல்லித் தருகிறேன்.