பென்டிரைவில் ஃப்ரீடாஸ்: பழைய பென்டியம் 4-ல் கர்சர் மட்டும் கண்சிமிட்டுகிறது

நெல்மூட்டை:
எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர் பக்கம் எங்கள் மாமாவுக்கு ரைஸ் மில், கூடவே ஒரு எடைமேடை. அதில் ஓடுவது பழைய டாஸ் புரோகிராம், கிளிப்பர் என்ற அந்தக் கால மொழியில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. லாரி மேடை ஏறியதும் சீரியல் போர்ட் வழியாக எடை வரும், டாட் மேட்ரிக்ஸில் சீட்டு அடிக்கும், அவ்வளவுதான் வேலை. விண்டோஸ் 98-ல் டாஸ் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது, பத்து முறை ஆன் செய்தால் இரண்டு முறைதான் விண்டோஸ் வருகிறது. சம்பா அறுவடை தொடங்கிவிட்டதால் வாசலில் லாரி வரிசை கட்டி நிற்கிறது.

டாஸுக்கு இலவச மாற்றான ஃப்ரீடாஸ் 1.3-ன் யூஎஸ்பி இமேஜை இறக்கி, லினக்ஸ் லேப்டாப்பில் டிடி கட்டளை கொடுத்து 8 ஜிபி பென்டிரைவில் எழுதினேன். ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸில் முதல் பூட் டிவைஸ் யூஎஸ்பி-எச்டிடி என்று மாற்றினேன். ஆன் செய்தால் கறுப்புத் திரை, இடது மூலையில் கர்சர் கண்சிமிட்டுகிறது, அரை மணி நேரம் விட்டாலும் அதேதான். மூன்று பென்டிரைவ் மாற்றிப் பார்த்துவிட்டேன். பென்டிரைவ் இல்லாமலும் சில சமயம் இதே கர்சர் வரும், ஆனால் அது டிஸ்க் பழுதால் என்று விட்டுவிட்டேன். என்னதான் செய்வது?

கிளிக்_குமார்:
செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள் நண்பரே, சரியாகிவிடும்.

பழையபோர்டு:
குமார், அது பென்டியம் 4. செக்யூர் பூட் என்ற பூட் பாதுகாப்புப் பேச்சே அந்தக் காலத்தில் கிடையாது. கேள்வியை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

நெல்மூட்டை, முதலில் ஒன்று. அந்த டிஸ்கை இனிமேல் ஆன் செய்து சோதிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறைகிறது, உள்ளே இருப்பது மாமாவின் கணக்கு. ஐடிஇ (அந்தப் பழைய டிஸ்கின் இணைப்பு வகை)-யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கி, லினக்ஸ் லேப்டாப்பில் மாட்டி, டிடிரெஸ்க்யூ போட்டு முழு டிஸ்கையும் ஒரு ஃபைலாக எடுத்து வையுங்கள். சாதாரண டிடி படிக்க முடியாத இடம் வந்தால் நின்றுவிடும், டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் திரும்பி வந்து முயலும்.

இப்போது கர்சர் கதை. நீங்கள் போகிற போக்கில் விட்டுவிட்ட கடைசி வரியில்தான் எனக்குச் சந்தேகம். பயாஸ் செய்வதெல்லாம் இதுதான்: டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும், கடைசி இரண்டு பைட்டில் 55 ஏஏ என்று இருந்தால் அந்த கோடிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தான் ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகு ஏதாவது சிக்கினால் பிழைச் செய்தி சொல்லக்கூட ஆள் இருக்காது, கர்சர் மட்டும்தான். ஆக யாரோ ஒருவரின் முதல் செக்டார் ஓடியிருக்கிறது. அது பென்டிரைவினுடையது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சாகப்போகிற ஹார்டு டிஸ்கினுடையதாகவும் இருக்கலாமே.

சோதனை சுலபம். ஹார்டு டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு பென்டிரைவோடு மட்டும் ஆன் செய்யுங்கள். டிஸ்க் பூட் ஃபெயிலியர் என்று வந்தால் பயாஸ் பென்டிரைவைத் தொடவே இல்லை. கர்சரே வந்தால் பென்டிரைவில் கோளாறு, அப்போது டிடி கொடுத்தபோது எஸ்டிபி (முழு பென்டிரைவ்) என்று எழுதினீர்களா, எஸ்டிபி1 (அதன் முதல் பார்ட்டிஷன்) என்றா என்று பாருங்கள். எஸ்டிபி1 என்றால் இமேஜ் பார்ட்டிஷனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், முதல் செக்டாரில் பழைய குப்பைதான் இருக்கும்.

நெல்மூட்டை:
டிடிரெஸ்க்யூ ராத்திரி முழுக்க ஓடியது, கணக்கு இருக்கும் டிபிஎஃப் ஃபைல்கள் எல்லாம் வந்துவிட்டன, மாமா இப்போதுதான் சிரித்தார். கேபிளைக் கழற்றினேன். டிஸ்க் பூட் ஃபெயிலியர் என்று வந்தது! எஸ்டிபி என்றுதான் கொடுத்திருக்கிறேன். யூஎஸ்பி-எச்டிடி என்று முதலில் வைத்த பிறகும் ஏன் தொடவில்லை?

பழையபோர்டு:
அவார்டு பயாஸ் என்று நினைக்கிறேன். அதில் பூட் வரிசை இரண்டு இடத்தில் இருக்கும், இது பலரையும் அலைக்கழித்த விஷயம், நானே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குத் தொலைத்திருக்கிறேன். பென்டிரைவை முதலிலேயே குத்திவிட்டு ஆன் செய்து டெலீட் அழுத்தி உள்ளே போங்கள், ஆன் ஆன பிறகு குத்தினால் பட்டியலில் வராது. ஹார்டு டிஸ்க் பூட் பிரையாரிட்டி என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதற்குள் எண்டர் அடித்தால் உங்கள் பென்டிரைவ் கீழே எங்கேயாவது இருக்கும். ப்ளஸ் அழுத்தி மேலே கொண்டுவாருங்கள். வெளியே வந்து முதல் பூட் டிவைஸை ஹார்டு டிஸ்க் என்றே வையுங்கள். பென்டிரைவும் பயாஸ் கண்ணுக்கு ஒரு ஹார்டு டிஸ்க்தான்.

இன்னொன்று, நீங்கள் எழுதிய இமேஜ் நிறுவுவதற்கானது. பூட் ஆனதும் நிறுவட்டுமா என்று கேட்கும், அவசரத்தில் எண்டர் தட்டிக்கொண்டே போனால் வேறு டிஸ்க் மேல் கை வைத்துவிடும். உங்களுக்கு வெறும் டாஸ் போதும். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற மென்பொருளைத் திறந்து, பூட் செலக்‌ஷனில் ஃப்ரீடாஸ், பார்ட்டிஷன் முறை எம்பிஆர் என்று கொடுத்து எழுதுங்கள். இமேஜ் இறக்கவே தேவையில்லை, ஃப்ரீடாஸ் அதற்குள்ளேயே இருக்கிறது.

புதுலேப்டாப்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் புது லேப்டாப்பில் இதே ஃப்ரீடாஸ் பென்டிரைவ் பூட் பட்டியலிலேயே வரவில்லை, செக்யூர் பூட்டையும் ஆஃப் செய்து பார்த்துவிட்டேன்.

பழையபோர்டு:
வராது. டாஸ் திரையில் எழுதுவதற்கும் டிஸ்கைப் படிப்பதற்கும் பயாஸ் இன்டரப்டுகளைத்தான் (பயாஸ் தரும் சேவைகள்) கூப்பிடும். பயாஸுக்குப் பதிலாகப் புது கம்ப்யூட்டர்களில் வரும் யூஇஎஃப்ஐயில் அவை கிடையாது, பழைய பயாஸ் போல நடிக்கும் சிஎஸ்எம் என்ற ஒட்டு இருந்தால்தான் கிடைக்கும். அந்த ஒட்டை 2020-க்குள் எடுத்துவிடப் போவதாக இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. உங்கள் அமைப்பில் சிஎஸ்எம் அல்லது லெகசி என்று எதுவும் இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷின்தான் (மென்பொருளுக்குள் ஓடும் கம்ப்யூட்டர்) வழி.

நெல்மூட்டை:
அண்ணா, வந்துவிட்டது! ரூஃபஸ் பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் பூட் பிரையாரிட்டி, இரண்டும் நீங்கள் சொன்ன மாதிரியே. புரோகிராம் சி டிரைவில்தான் தன் ஃபைல்களைத் தேடும், அதை மாற்ற வழியே இல்லையே என்று பயந்தேன், ஆனால் பூட் ஆன பென்டிரைவே சி என்று வருகிறது. ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தேன், திறந்தது. எடை போட்டு சீட்டு அடிக்கப் போனால் மட்டும் ஃபைல் திறக்க முடியவில்லை என்று பிழை வந்து வெளியே தள்ளுகிறது.

லினக்ஸ்தாத்தா:
தம்பி, இது கிளிப்பரின் பழைய நோய். சீட்டு அடிக்கும்போது டிபிஎஃப், இண்டெக்ஸ் எல்லாம் சேர்த்து நிறைய ஃபைலை ஒரே நேரத்தில் திறக்கும், டாஸ் அவ்வளவுக்கு இடம் ஒதுக்கியிருக்காது. டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் ஃபைல்ஸ் = 60 என்று ஒரு வரி போடு. அது மட்டும் போதாது, ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் கிளிப்பர் என்ற மாறிக்கும் அதே 60-ஐக் கொடுக்க வேண்டும். பழைய டிஸ்கில் இருக்கும் ஆட்டோஎக்ஸெக்கைத் திறந்து பார், அந்த வரியை எழுதியவரே போட்டு வைத்திருப்பார், அப்படியே எடுத்துக்கொள்.

அப்புறம், பென்டிரைவிலேயே வருஷக்கணக்கில் ஓட்டாதே. மில்லில் தூசி, யாராவது ஒரு நாள் சார்ஜர் குத்த இடம் வேண்டும் என்று அதைப் பிடுங்குவார்கள். பழைய கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டும் ஐடிஇ-யும் மின்னளவில் ஒரே பாஷை பேசுபவை, நடுவில் சின்ன அடாப்டர் பலகை போதும். அதை ஹார்டு டிஸ்க் இடத்தில் மாட்டிவிட்டால் சத்தமும் இல்லை, சுழலும் பாகமும் இல்லை.

நெல்மூட்டை:
தாத்தா சொன்ன வரி பழைய ஆட்டோஎக்ஸெக்கில் அப்படியே இருந்தது. நேற்று மாலை 14 லாரி போட்டோம், எல்லாச் சீட்டும் வந்தது. ஃப்ளாஷ் கார்டு ஆர்டர் செய்திருக்கிறேன்.

ஆனால் இன்று காலை ஆன் செய்தால் மறுபடியும் டிஸ்க் பூட் ஃபெயிலியர். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் பூட் வரிசை பழையபடி மாறியிருக்கிறது, தேதி 2002 என்று நிற்கிறது. ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவோம்.

பழையபோர்டு:
போர்டில் எட்டணா காசு மாதிரி ஒரு பேட்டரி தெரிகிறதா? சிஆர்2032. மெயின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது பயாஸ் அமைப்பையும் தேதியையும் காப்பது அதுதான், தீர்ந்துபோயிருக்கும். வாட்ச் ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டு தேதியைச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் இன்றைய சீட்டெல்லாம் 2002-ல் அடித்ததாக இருக்கும்.